குழி வெட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய ஒலி

"எத்தனை குழி வெட்டட்டும்? எந்தெந்த இடத்தில் வெட்டட்டும்?" என்று கேட்டார், எனக்கு முதல் மின்கிட்டாரைச் செய்து கொடுத்த கைவினைஞர். இழைத்து முடித்த உடற்பகுதி வழுவழுப்பாக மேசைமேல் கிடந்தது. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்பும் பிக்அப்கள் உட்காரும் குழிகள் மட்டும்தான் பாக்கி. எந்த மரம், என்ன வண்ணம், நெக்கின் (கழுத்தின்) பின்புறம் எவ்வளவு தடிமன் என்று ஏழெட்டு மாதங்கள் யோசித்திருந்த நான், இந்தக் கேள்விக்குப் பத்தே நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். நெக் பக்கமும், தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கமும் ஹம்பக்கர் (இரு சுருள் பிக்அப்), நடுவில் ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்அப்), எந்தப் பிக்அப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச், மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் விட்டுவைக்கும் இரண்டு குமிழ்கள். நெக்கில் 24 ஃபிரெட் (விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்கும் குறுக்குக் கம்பிகள்) என்று முன்பே சொல்லியிருந்தேன். எல்லா ஒலியும் ஒரே கிட்டாரில் கிடைத்துவிடும் என்று மனதார நம்பினேன்.

நான்கு ஆண்டுகள் அதை வாசித்தேன். பிறகு அதே கைவினைஞரிடம் போய் இரண்டாவது கிட்டார் ஒன்றைச் செய்யச் சொன்னேன். இந்த முறை பிக்அப் பற்றிய பேச்சு மட்டும் மூன்று மாதம் நீடித்தது. அந்த இரண்டு கிட்டார்களுக்கும் இடையில் நான் தெரிந்துகொண்டவற்றை, இப்போது அதே கேள்வியின் முன் நிற்கும் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பிக்அப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட தலைமுடி போன்ற செப்புக் கம்பியும்தான். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, அந்தக் கலைவு சுருளில் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆகவே பிக்அப் கிட்டாரின் முழு நாதத்தையும் கேட்பதில்லை. தன் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒரு விரற்கடைத் தந்தி எப்படி ஆடுகிறது என்பதை மட்டுமே கேட்கிறது. அதே பிக்அப்பை இரண்டு விரல் அகலம் நகர்த்தி வைத்தால், அதே தந்தியின் வேறொரு கதையை அது கேட்கும்.

எவ்வளவு வேறுபடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 648 மி.மீ. நீளத் தந்தியை எடுத்துக்கொள்வோம். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிட்டாரின் அளவு அது. விரல் வைக்காத தந்தியின் நடுவில் அடிப்படை அதிர்வின் (தந்தி முழுவதும் ஒரே வளைவாக ஆடும் அதிர்வின்) வீச்சு 100 என்று கொண்டால், பிரிட்ஜிலிருந்து 162 மி.மீ. தொலைவில், அதாவது நெக் பிக்அப் இருக்கும் இடத்தில், அது ஏறத்தாழ 71. பிரிட்ஜிலிருந்து 40 மி.மீ. தொலைவிலோ வெறும் 19. பிரிட்ஜ் பிக்அப் ஒல்லியாகவும் கூர்மையாகவும் ஒலிப்பதற்கு முதற்காரணம் இதுதான். அந்த இடத்தில் தந்தி அவ்வளவாக ஆடுவதே இல்லை. அந்தப் பலவீனத்தை ஈடுகட்டத்தான் பிரிட்ஜ் பிக்அப்பில் பெரும்பாலும் கம்பியைக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள்.

என் முதல் கிட்டாரின் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. நான் அதிகம் விரும்பி வாசிப்பது நெக் பிக்அப்பின் உருண்டையான, மணி போன்ற சுத்த ஒலி. ஆனால் 24-ஆவது ஃபிரெட் பிரிட்ஜிலிருந்து தந்தி நீளத்தின் சரியாகக் கால் பங்கு தொலைவில் வருகிறது. 648-இல் கால் பங்கு 162. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் நெக் பிக்அப் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அதே இடத்தில் என் கிட்டாரில் ஒரு ஃபிரெட் உட்கார்ந்துவிட்டது. பிக்அப் வேறு வழியின்றி பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. குழியின் நடுவை அளந்து பார்த்தேன், 140 மி.மீ. கணக்குப்படி அடிப்படை அதிர்வு 71-லிருந்து 63-ஆகத்தான் குறைந்திருக்கிறது, தந்தி இரண்டு, மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரிந்து ஆடும் மேல் அதிர்வுகளின் விகிதமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. காகிதத்தில் சிறிய மாற்றம். ஆனால் நான் தேடிய அந்த உருண்டை மட்டும் போய்விட்டது. மூன்று வெவ்வேறு பிக்அப்களை அந்தக் குழியில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றும் நல்ல பிக்அப்கள். மூன்றுமே அந்த இடத்தைத்தான் கேட்டன.

24 ஃபிரெட் வேண்டுமா, 22 போதுமா என்பதை விரல் எட்டும் உயரம் பற்றிய கேள்வியாகவே பலரும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அது பிக்அப் பற்றிய கேள்வி. கடைசி இரண்டு ஃபிரெட்களை நான் அந்த நான்கு ஆண்டுகளில் தொட்ட நேரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நெக் பிக்அப்பையோ ஒவ்வொரு நாளும் தொட்டேன்.

(இந்தக் கால் பங்குப் புள்ளிக்கு மாயசக்தி இருப்பதுபோலச் சிலர் பேசுவார்கள். நான்காம் அதிர்வின் அசையாப் புள்ளி அங்கே விழுகிறது என்பது உண்மைதான், ஆனால் திறந்த தந்திக்கு மட்டும். ஒரு ஃபிரெட்டை அழுத்தியதும் அந்தப் புள்ளி நகர்ந்துவிடும். தொலைவுதான் முக்கியம், புள்ளி அல்ல.)

நடுவில் இருந்த சிங்கிள் காயிலின் கதை வேறு. என் வலது கை பிக் (மீட்டும் வில்லை) பிடித்து அடிக்கும் இடம் சரியாக அதன் மேல். வேகமாகக் கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்தவற்றை) வாசிக்கும்போதெல்லாம் பிக்கின் நுனி பிக்அப்பின் உறையில் தட்டியது, அந்தத் தட்டல் ஆம்ப்பில் கேட்டது. தட்டாமல் இருக்க அதைத் திருகித் தாழ்த்தினேன். தாழ்த்தியதும் அதன் ஒலி மங்கி, ஹம்பக்கர்களுக்கு அருகில் காணாமல் போயிற்று. ஓராண்டுக்குப் பிறகு அது உடலோடு ஒட்டிக் கிடக்கும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. எந்த நேரமும் தாழ்த்தியே வைத்திருந்த ஒரு பிக்அப்புக்காக மரத்தில் ஒரு குழி.

ஸ்விட்சின் இடைநிலைகளின் வரலாறு எனக்குப் பிறகு தெரியவந்து, என்னைச் சிந்திக்க வைத்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் மூன்று பிக்அப்களோடும் மூன்றே நிலைகள் கொண்ட ஸ்விட்சோடும்தான் வந்தது. ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் இரு பிக்அப்கள் சேர்ந்து ஒலிக்கும் என்பதை வாசிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். நழுவி நழுவி விழும் ஸ்விட்சை அந்த நடுப்புள்ளியில் நிறுத்தி வாசித்தார்கள். ஐந்து நிலை ஸ்விட்சை ஃபெண்டர் நிறுவனம் பொருத்தத் தொடங்கியது 1977-இல்தான். அந்த ஒலி தேவை என்று முதலில் அறிந்தவை வாசித்த கைகள். எனக்கோ ஐந்து நிலைகளும் முதல் நாளே கிடைத்தன, எந்த நிலை எதற்கு என்று மட்டும் தெரியவில்லை.

சுருளைப் பிரிக்கும் குமிழ்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் தனியாகச் செய்யப்படும் கிட்டார்களில் அநேகமாக எல்லோரும் கேட்பது அதைத்தான். ஹம்பக்கர் என்பது எதிரெதிர்த் திசையில் சுற்றிய, எதிரெதிர்க் காந்த முனை கொண்ட இரண்டு சுருள்கள். மின்கம்பிகளிலிருந்து வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலி மட்டும் கூடி வருகிறது. கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் இதற்கு 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது. இந்த இரு சுருள்களில் ஒன்றை நிறுத்திவிட்டால் மீதமிருப்பது ஒற்றைச் சுருள். அப்படியானால் அது சிங்கிள் காயிலாக ஒலிக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு.

அப்படி ஒலிப்பதில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்அப்பில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே உயரமான காந்தத் தண்டே நிற்கிறது. ஹம்பக்கரில் காந்தம் அடியில் கிடக்கிறது, தந்திக்குக் கீழே இருப்பவை இரும்புத் திருகுகளும் தண்டுகளும். போதாததற்கு, ஹம்பக்கரில் பாதிச் சுருள் என்பது பாதிச் சுற்றுகள்தான். ஆகவே குமிழை இழுத்ததும் ஒலியளவு சட்டென்று இறங்கியது, அழிந்திருந்த ரீங்காரம் திரும்பி வந்தது, ஒலி பளிச்சென்று இருந்தாலும் வலுவில்லாமல் இருந்தது. பாடலின் நடுவில் அந்தக் குமிழை இழுத்தபோதெல்லாம் குழுவில் என் கிட்டார் மட்டும் அறையை விட்டு வெளியே போய்விட்டதுபோல இருந்தது.

பின்னர் ஒரு நாள் அந்தக் குமிழின் பற்றவைப்பைப் பிரித்து, சுருளை நிறுத்துவதற்குப் பதிலாக இரண்டு சுருள்களையும் இணையாக இணைத்தேன். வழக்கமாக அவை தொடராக இணைந்திருக்கும். இணையாக்கினால் தூண்டல் அளவு (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) கால் பங்காகக் குறைகிறது, ஒலி திறந்து தெளிகிறது. இரண்டு சுருள்களும் வேலை செய்வதால் ரீங்காரம் திரும்புவதில்லை. ஒலியளவு இதிலும் குறையத்தான் செய்தது, ஆனால் ஒலி இன்னும் முழுமையாக இருந்தது. சுருள் பிரிப்பைக் கேட்கப் போகிறவர்கள் எல்லோரிடமும் இணை இணைப்பை முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இதற்கு ஹம்பக்கரிலிருந்து நான்கு கம்பிகள் தனித்தனியாக வெளியே வந்திருக்க வேண்டும். வாங்கும்போதே கவனியுங்கள். பழைய பாணியில் ஒற்றைக் கம்பியும் அதைச் சுற்றிய உலோகப் பின்னலும் மட்டும் உள்ள பிக்அப்பில் இவை எதையும் எளிதாகச் செய்ய முடியாது.

இன்னொரு செய்தி: இழுப்புக் குமிழ் சாதாரணக் குமிழைவிட ஆழமானது. கட்டுப்பாட்டுக் குழியின் ஆழத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்கு மூடி மூடவில்லை, மரத்தை மறுபடி செதுக்க வேண்டியிருந்தது.

நடுவிலிருந்த சிங்கிள் காயில் காதைக் குத்தும் அளவுக்குக் கூச்சலிடுகிறது என்று முதலாண்டில் அதை மாற்றினேன். புதியதும் குத்தியது. குற்றம் பிக்அப்பில் இல்லை. ஹம்பக்கர்களுக்கு ஏற்ற 500 கிலோ ஓம் வால்யூம் குமிழ் போட்டிருந்தோம். சிங்கிள் காயில்கள் வழக்கமாக 250 கிலோ ஓமில் வாசிக்கப்படுகின்றன. குமிழின் மின்தடை குறையக் குறைய உச்ச ஒலிகள் அடங்கும். இரு வகைப் பிக்அப்களையும் ஒரே கிட்டாரில் கலப்பவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. 500 கிலோ ஓம் குமிழையே வைத்துக்கொண்டு, சிங்கிள் காயில் ஒலிக்கும் நிலையில் மட்டும் 470 கிலோ ஓம் மின்தடை ஒன்று இணையாகச் சேருமாறு ஸ்விட்சில் பற்றவைத்தால், மொத்தம் ஏறத்தாழ 242 ஆகிவிடும். சில்லறைச் செலவு, அரை மணி நேர வேலை. நான் அதை அறியாமல் ஒரு நல்ல பிக்அப்பைக் கழற்றி விற்றுவிட்டேன்.

பிக்அப்பின் விவரக் குறிப்புகளில் அச்சிடப்படும், சுருளின் நேர்மின்தடை எண்ணையும் நான் அப்போது வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். 8 கிலோ ஓம் என்றால் மிதமானது, 14 என்றால் முரட்டுத்தனமானது என்று. கம்பி மெலிந்தாலே அந்த எண் ஏறிவிடும். 42 அளவுக் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 அளவுக் கம்பியைச் சுற்றினால், சுற்றுகளின் எண்ணிக்கை மாறாமலேயே மின்தடை கூடிக் காட்டும். தூண்டல் எண்தான் இதைவிட உண்மையைச் சொல்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு அது இரண்டரை ஹென்றிக்கு அருகிலும், பழைய பாணி ஹம்பக்கருக்கு நாலரை ஹென்றிக்கு அருகிலும் இருக்கும். ஐந்து மீட்டர் கேபிளின் மின்தேக்கு அளவையும் சேர்த்துக்கொண்டால், முதலாவது நான்காயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியும் இரண்டாவது மூன்றாயிரத்தை ஒட்டியும் தன் உச்சத்தைத் தொடுகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதி அதுவேதான். பளபளப்பு என்றும் வெதுவெதுப்பு என்றும் நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஓராயிரம் ஹெர்ட்ஸ் இடைவெளியில் அடங்கிவிடுகிறது. நீளமான கேபிளை மாட்டினாலே அந்த உச்சம் கீழே இறங்கும் என்பதால், பிக்அப்பை மாற்றும் முன் கேபிளை மாற்றிக் கேட்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கிட்டாருக்கு முன் நான் செய்த முதல் வேலை, ஒரு சிறு நோட்டை எடுத்து ஆம்ப்பின் மேல் வைத்ததுதான். ஒரு மாதம் முழுவதும், வாசித்து முடித்ததும் எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தேன், எந்தப் பாடலுக்காக ஸ்விட்சைத் தொட்டேன் என்று எழுதினேன். பயிற்சிக்கு ஒரு பக்கம், குழுவோடு வாசித்ததற்கு ஒரு பக்கம். மாத முடிவில் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட நேரம் நெக் பிக்அப். அடுத்து இரு ஹம்பக்கர்களும் சேர்ந்த நிலை, கார்டுகளுக்கு. பிரிட்ஜ் மட்டும் தனியாக நான்கு பாடல்களில். மற்ற நிலைகள் எல்லாம் "தொட்டேன், திரும்பினேன்" என்ற குறிப்போடு நின்றன. நான் எப்படிப்பட்ட வாசிப்பாளர் என்று எனக்குள் வைத்திருந்த படத்துக்கும் அந்த நோட்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. தனியாக ஒரு கிட்டார் செய்யச் சொல்லும் எவரும் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பேன்.

நோட்டைப் படித்துவிட்டுக் கைவினைஞர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், கழிவு மரப்பலகை ஒன்றை எடுத்து வந்தார். அதில் ஒரு பிரிட்ஜும் இரண்டு தந்திகளும் பூட்டி, தந்திகளுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டினார். பள்ளத்தில் பிக்அப்பை ரயில்போல முன்னும் பின்னும் நகர்த்தலாம். "நான் சொல்வதைவிட இது நன்றாகச் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பிடித்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார். அவர் நகர்த்த நகர்த்த, நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான்கு முறை நிறுத்தச் சொன்னேன். நான்கு முறையும் 158-க்கும் 165 மி.மீ.க்கும் இடையிலேயே நின்றது. 22 ஃபிரெட் என்ற முடிவு அங்கேயே ஆகிவிட்டது. கிப்சன் நிறுவனம் 1970களில் கிராப்பர் என்ற பேஸ் கிட்டாரில் பிக்அப்பை நகரும்படியே செய்து விற்றது என்று அன்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பலகையில் செலவான ஒரு மாலைப்பொழுதை, இரண்டு கிட்டார்களிலும் நான் செய்த எல்லா வேலைகளையும்விட மேலானதாக நினைக்கிறேன்.

இடம் முடிவானது. எந்த வகை என்பது அடுத்து. இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்கிறேன்: பிக்அப்பை நாளைக்குக் கழற்றி மாற்றலாம், குமிழை மாற்றலாம், கம்பியை மாற்றலாம், குழியின் இடத்தை மாற்ற முடியாது. ஆகவே நெக்கில் ஹம்பக்கர் அளவுக் குழியையே வெட்டச் சொன்னேன். அந்த அளவில் ஹம்பக்கரும் உட்காரும், பி-90 வகைப் பிக்அப்பும் உட்காரும், தகட்டை மாற்றினால் சிங்கிள் காயிலும் உட்காரும். நேர்மாறாக, சிங்கிள் காயிலுக்கு என்று ஒடுக்கமாக வெட்டிய குழியில் பின்னால் மனம் மாறினால் உளியைத்தான் எடுக்க வேண்டும்.

நான் அமர்த்தியது பி-90. கிப்சன் நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த ஒற்றைச் சுருள் வகை அது. சுருள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், அடியில் இரண்டு பட்டைக் காந்தங்கள். ஹம்பக்கரின் உடம்பும் சிங்கிள் காயிலின் குரலும் கலந்தது என்று சொல்வார்கள். எனக்கு அது விரலின் அழுத்தத்துக்குப் பணிந்து போகும் பிக்அப். மெல்லத் தொட்டால் மெல்லப் பேசுகிறது, அழுத்தினால் உறுமுகிறது. ஹம்பக்கர் அளவில் வரும் பி-90 முழு அளவு பி-90 போல அச்சாக ஒலிக்காது, சுருளின் அகலம் குறைந்துவிடுகிறது அல்லவா? அந்த வேறுபாட்டை நண்பர் ஒருவரின் கிட்டாரில் கேட்டு ஒப்புக்கொண்டுதான் எடுத்தேன்.

அதற்கு ரீங்காரம் உண்டு. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். குழியெல்லாம் செப்புத் தகடு ஒட்டினால் தீர்ந்துவிடும் என்று முதல் கிட்டாரில் ஒரு நாள் முழுவதும் ஒட்டினேன். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விளக்குகளும் மின்னணுக் கருவிகளும் கிளப்பும் கரகரப்பு வெகுவாகக் குறைந்தது. அடியில் ஓடும் தாழ்ந்த ரீங்காரம் அப்படியே இருந்தது. மின்புலத்தைத் தகடு தடுக்கும். மின்மாற்றிகளிலிருந்து வரும் காந்தப்புலத்தை மெல்லிய செப்பு தடுக்காது. அதை அழிக்க எதிர்ச்சுருள்தான் வேண்டும். நான் நெக் பிக்அப்பைச் சுத்த ஒலிக்கு மட்டுமே பயன்படுத்துபவர் என்பதால் அந்த ரீங்காரம் எனக்குத் தாங்கக் கூடியது. கனத்த டிஸ்டார்ஷனில் (ஒலியை முரடாக்கும் ஆம்ப் அமைப்பில்) வாசிப்பவருக்கு அது தாங்காது. அவருக்கு நான் பி-90-ஐப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்ஜில் மிதமான சுற்றுக் கொண்ட ஹம்பக்கர், இணை இணைப்புக்கு ஒரு இழுப்புக் குமிழ். நடுவில் எதுவும் இல்லை. என் வலது கைக்கு அந்த வெற்றிடம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. ஒரு வால்யூம், ஒரு டோன், இரண்டும் 500 கிலோ ஓம், மூன்று நிலை ஸ்விட்ச்.

பூட்டி முடித்த முதல் நாள், இரண்டும் தனித்தனியே அருமையாக ஒலித்தன. ஸ்விட்சை நடுவில் வைத்ததும் ஒலி மூக்கடைத்ததுபோல ஒடுங்கி, அடித்தொனி முழுக்க மறைந்தது. இரண்டு வெவ்வேறு செய்பவர்களிடமிருந்து வாங்கிய பிக்அப்கள் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் இருந்தன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஃப்ளீட்வுட் மேக் இசைக்குழுவின் பீட்டர் கிரீனின் புகழ்பெற்ற லெஸ் பால் கிட்டாரில் நெக் பிக்அப்பின் காந்தம் திருப்பி வைக்கப்பட்டிருந்ததால் உண்டான அந்தக் குரலைக் கேட்டு உருகியவன்தான் நானும். ஆனால் கார்டுகளுக்கு எனக்கு அது வேண்டாம். ஹம்பக்கரில் நான்கு கம்பிகள் இருந்ததால் இரண்டு முனைகளை இடம் மாற்றிப் பற்றவைத்ததும் சரியாயிற்று. முன்கூட்டியே சோதிக்க எளிய வழி உண்டு. பிக்அப்பின் இரு முனைகளை மீட்டரில் மாட்டி, திருப்புளியை அதன் முகத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று பிரித்தெடுத்தால் எண் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்அப்களிலும் ஒரே பக்கம் நகர வேண்டும். பூட்டுவதற்கு முன்பே மேசைமேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

உயரத்தைச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் பிக்அப்புக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். நெக்கில் 2.4 மி.மீ., பிரிட்ஜில் 1.6 மி.மீ. என்று தொடங்கி, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் வாசித்துப் பார்த்தேன். நெக் பிக்அப்பைத் தாழ்த்தத் தாழ்த்தத் தெளிவு கூடியது. காந்தத் தண்டுகள் கொண்ட சிங்கிள் காயில்களில் இது இன்னும் முக்கியம். மிக அருகில் உயர்த்தினால் காந்தம் தடித்த தந்தியைப் பிடித்து இழுத்து, சுருதியே அலைபாயும். பிக்அப் சரியில்லை என்று முடிவு கட்டும் பலரின் கிட்டாரில் ஒரு திருப்புளி செய்ய வேண்டிய வேலைதான் பாக்கியிருக்கும்.

நிறைய ஸ்விட்சுகள் தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே தம் தந்தையோடு சேர்ந்து 1963-இல் வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில்கள் உண்டு. ஒவ்வொன்றையும் இயக்க ஒரு ஸ்விட்ச், கட்டத்தைத் திருப்ப ஒரு ஸ்விட்ச், ஆக ஆறு. அந்த ஆறையும் அவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துகிறார். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தாமே ஒட்டுப்போட்டுச் செய்த கிட்டாரில் வேலை செய்தது பிரிட்ஜில் ஒரே ஒரு ஹம்பக்கரும் ஒரே ஒரு வால்யூம் குமிழும். இருவருக்கும் தாங்கள் எந்த ஒலியைத் துரத்துகிறோம் என்பது தெரிந்திருந்தது. எனக்கு முதல் முறை அது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் கிட்டாரை எங்கள் குழுவில் சில மாதங்கள் வாசித்த இளைஞர் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் வேகமான வரிகளை, கனத்த டிஸ்டார்ஷனில், கழுத்தின் உச்சியில் வாசிப்பவர். 24-ஆவது ஃபிரெட்டை மணிக்கொரு முறை தொடுகிறார். எனக்கு உருண்டையை இழந்துபோன அந்த நெக் பிக்அப், பிரிட்ஜ் பக்கம் நகர்ந்திருப்பதாலேயே, அவருடைய வேகத்தில் ஒவ்வொரு சுரத்தையும் குழறாமல் பிரித்துக் கொடுக்கிறது. "அண்ணா, இதை ஏன் விட்டீர்கள்?" என்று முதல் நாள் கேட்டார். நான் அந்த நோட்டை எடுத்துக் காட்டினேன்.

இப்போது அவர் தமக்கென்று ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார், அதே கைவினைஞரிடம். 24 ஃபிரெட், இரண்டு ஹம்பக்கர், நெக் குழியின் நடு 140 மி.மீ.யில். பழைய கிட்டாரை அளந்து எழுதிக்கொண்டு போனார். நடுப் பிக்அப் வேண்டுமா என்று முடிவுசெய்ய இன்னும் இரண்டு வாரம் கேட்டிருக்கிறாராம். அவருடைய ஆம்ப்பின் மேலும் ஒரு நோட்டு கிடக்கிறது.